பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பீட்சா

கொடைக்கானல் பி.டி. ரோட்டிலிருந்து கீழே இறங்கும் ஒரு சந்தில் சுவாமிநாதனின் பார்சல் கடை இருந்தது. உட்கார்ந்து சாப்பிட அங்கே இடமில்லை. ரோட்டைப் பார்த்து ஒரு ஜன்னல், அதற்குப் பின்னால் ஓர் அடுப்பறை, அவ்வளவுதான். மூடுபனியில் கைகளைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு நிற்பவர்கள் ஜன்னலில் பீட்சா சொல்வார்கள், அட்டைப்பெட்டியில் வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தப் பீட்சாவுக்கெல்லாம் மாவு பிசைந்தவள் மகாராணி. பள்ளங்கியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் திரும்புவாள்.

அவள் பிறந்தது இலங்கையில், நுவரெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். எழுபத்து நாலில், பத்து வயதில், அப்பா அம்மாவோடு கப்பலேறி ராமேஸ்வரம் வந்தாள். மண்டபம் முகாமில் சில மாதம் கிடந்த பிறகு, தைலமரம் நடும் வேலைக்கு இந்த மலைக்கு வந்த கூட்டத்தில் அந்தக் குடும்பமும் ஒன்று. உருளைக்கிழங்குக் காட்டில் களையெடுத்தே அவள் வளர்ந்தாள். கட்டிக்கொண்ட ராஜ்மோகனும் அதே மாதிரி தோட்டத்திலிருந்து வந்த குடும்பந்தான். அவன் மன்னவனூர் ஆட்டுப் பண்ணையில் வேலை பார்த்தான். சனிக்கிழமை வீட்டுக்கு வந்து திங்கள் வெள்ளனே கிளம்பிவிடுவான்.

சுவாமிநாதன் கடைக்கு அவள் தொண்ணூற்றெட்டில் பாத்திரம் கழுவத்தான் போனாள். சுவாமிநாதன் பழனிக்காரர். அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லாரும் அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்க, அவர் மட்டும் மலையேறி ஒரு ஓட்டலில் ஸ்டோர் கீப்பராக இருந்து, அங்கே தங்கிய ஒரு வெள்ளைக்காரரிடம் பீட்சா சுடக் கற்றுக்கொண்டவர். மாவு பிசைய சின்னச்சாமி என்று ஒரு மாஸ்டர் இருந்தார். மலர்க் கண்காட்சி நடக்கிற வாரத்தில், மே மாதக் கூட்டம் ஜன்னலில் அலைமோதும்போது, அவர் பெங்களூருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சுவாமிநாதன் தானே பிசைந்தார். மாவு கையிலும் முழங்கையிலும் ஒட்டிக்கொண்டதே தவிர ஒன்று சேரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த மகாராணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நான் பிசைந்து பார்க்கட்டுமா என்று கேட்டாள்.

தோட்டத்து வீடுகளில் சோறு ஒருவேளைதான். மற்றபடி கோதுமை மாவு ரொட்டியும், தேங்காயும் மிளகாயும் இடித்த சம்பலும். தண்ணீர் எவ்வளவு, எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவள் விரல்களுக்குத் தெரியும். ஈஸ்ட் மட்டும் புதிது. குளிரில் அது எழும்பாமல் முரண்டு பிடித்தது. கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டும், மாவுப் பேசினைச் சாக்கில் சுற்றி அடுப்புச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டும் என்று இரண்டு நாளில் அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். பாத்திரம் கழுவ வேறு ஆளை வைத்தார் சுவாமிநாதன்.

பத்து வருடம் போயிற்று. பீட்சாவின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டு வெந்துவிட்டதா என்று பார்ப்பாளே தவிர, அவள் முழுதாக ஒன்றைச் சாப்பிட்டதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனால் ராஜ்மோகன் மூக்கைச் சுளிப்பான். சீஸில் ஆட்டுக்கொட்டில் வாடை வருகிறது என்பான். நாள் முழுக்க ஆட்டோடு இருக்கிற மனிதன் இப்படிச் சொல்வது மகாராணிக்குச் சிரிப்பாக இருக்கும்.

அவர்களுக்கு ஒரே மகள், சத்தியபிரியா. பள்ளிக்கூட விடுமுறைகளில் கடை ஜன்னலில் நின்று ஆர்டர் எழுதுவாள். பி.காம். முடித்துவிட்டு மதுரையில் விடுதி எடுத்துத் தங்கி, புதிதாகத் திறந்திருந்த ஒரு கம்பெனி பீட்சா கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஊர் ஊருக்குக் கிளை உள்ள பெரிய கம்பெனி. தொப்பி, சட்டை, வாரத்தில் ஒருநாள் லீவு.

இரண்டாயிரத்து எட்டு ஜூனில் மகாராணி மகளைப் பார்க்க மதுரைக்குப் போனாள். சத்தியபிரியா அம்மாவைக் கண்ணாடி மேசையில் உட்காரவைத்து, தானே தட்டில் கொண்டுவந்து வைத்தாள். மகாராணியின் கண் சாப்பாட்டில் நிற்கவில்லை. அடுப்பறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வேலை செய்கிறவர்களையே பார்த்தாள். குளிர்பெட்டியிலிருந்து உருண்டை உருண்டையாக மாவு வந்தது. தட்டினார்கள், தூவினார்கள், அடுப்பில் ஒரு பக்கம் உள்ளே தள்ளினார்கள், மறுபக்கம் வெந்து வந்தது. மாவை யார் பிசைகிறார்கள் என்று கேட்டாள். அது வண்டியில் வருகிறது, இங்கே யாரும் பிசைவதில்லை என்றாள் மகள்.

மகாராணிக்கு வலது தோள்பட்டையில் ஒரு வலி உண்டு. மழைக்காலத்தில் கையைத் தூக்கித் தலைசீவ முடியாது. மகளுக்கு அது வராது என்று நினைத்ததும் மனசு லேசானது. மூன்று துண்டு சாப்பிட்டாள். சூடாக, மொறுமொறுவென்று, நன்றாகவே இருந்தது. நன்றாக இருக்கிறது என்று மகளிடம் சொன்னாள். அம்மா ஏதாவது குறை கண்டுபிடிப்பாள் என்று காத்திருந்த சத்தியபிரியாவுக்கு அது பெரிய ஆச்சரியம்.

யோகேஷ் இந்தக் கதைக்குள் வந்தது கடை ஜன்னல் வழியாகத்தான். தாண்டிக்குடிப் பையன். சொந்த ஜீப் வைத்திருந்தான். காப்பி மூட்டையும் ஏற்றுவான், டூரிஸ்ட்டுகளையும் கூட்டி வருவான். வண்டியில் வந்தவர்களுக்குப் பீட்சா வாங்க ஜன்னலுக்கு வந்து, ஆர்டர் எழுதுகிற பெண்ணைப் பார்த்தான். அவள் மதுரைக்குப் போன பிறகும் வந்தான். எதுவும் வாங்காமல், தோள்வலி எப்படி இருக்கிறது என்று மகாராணியை விசாரித்துவிட்டுப் போவான். மகாராணிக்கு விஷயம் விளங்கிவிட்டது. மகளிடம் கேட்டாள். அவள் மறைக்கவில்லை.

யோகேஷுக்கு அப்பா இல்லை. அம்மா பெருமாயி, எஸ்டேட்டுகளில் காப்பிப் பழம் பறித்துப் பிள்ளையை ஆளாக்கியவள். அவளுக்கு மறுப்பு ஒன்றுமில்லை என்று தகவல் வந்தது. அவளுடைய அண்ணன் சேனாதிபதிதான் முட்டுக்கட்டை போட்டார். சொந்தபந்தம் தெரியாத சிலோன்காரர்கள் வீட்டில் எப்படிப் பெண் எடுப்பது என்று கேட்டார். தங்கையின் குடும்பத்துக்குத் தூணாக நின்ற மனிதர். அவரை விட்டுவிட்டு எதுவும் செய்ய முடியாது. பல நாள் பேச்சுக்குப் பிறகு, புரட்டாசி கழியட்டும், ஐப்பசி முதல் ஞாயிறு போய்ப் பெண்ணைப் பார்ப்போம், மற்றது அப்புறம் என்று இறங்கி வந்தார்.

தேதி சொல்ல வந்த யோகேஷ் ஜன்னலில் நின்று தலையைச் சொறிந்தான்.

“அத்தே, அம்மா ஒன்னு சொல்லி விட்டாங்க. கேசரி, பஜ்ஜி எல்லாம் வேணாமாம். நீங்க சுடுற பிச்சாவத்தான் திங்கணுமாம்.”

அவன் எப்போதோ ஊருக்கு ஒரு பெட்டி வாங்கிப் போயிருக்கிறான். பெருமாயி அதைத் தின்றுவிட்டு, சுட்டது யார் என்று அப்போதே கேட்டு வைத்திருக்கிறாள்.

விளையாட்டாக வந்த பேச்சு வினையாகிவிட்டது. சத்தியபிரியா போனில் கவலையே வேண்டாம் என்றாள். மதுரையிலிருந்து தங்கள் கடைப் பீட்சா நான்கு பெட்டி கொண்டுவருவாளாம், பெட்டியைப் பார்த்தாலே அந்த மாமாவுக்கு ஒரு மதிப்பு வருமாம். சுவாமிநாதன் அதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டார். பத்து வருடமாக இங்கே சுட்டுவிட்டு, வீட்டு விசேஷத்துக்கு மதுரையிலிருந்தா என்றார். கடையிலேயே சுட்டு ஜீப்பில் அனுப்புகிறேன், முக்கால் மணி நேரத்தில் பள்ளங்கி போய்விடும், நீ கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இரு என்றார்.

மகாராணி அன்று மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். மதுரைப் பீட்சாவை மதுரையில் சாப்பிட்டால் ருசி. நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்து, மலைக்குளிர் பட்டால் சீஸ் மெழுகாகிவிடும். கடையிலிருந்து வரவழைப்பது சுலபந்தான். ஆனால் அவள் வீட்டில் இருந்தால் அன்றைக்கு மாவு பிசைவது வேறு யாரோ. தீபாவளிக்கு முந்தின வாரத்து ஞாயிறு வேறு, ஜன்னலில் கூட்டம் நெரியும். அந்த அம்மா கேட்டது நீங்கள் சுடுகிற பீட்சா. கேட்டது ஒன்று, கொடுப்பது ஒன்று என்று சம்பந்தம் தொடங்கக் கூடாது. வீட்டிலேயே சுடுவது என்று முடிவு செய்தபோது பஸ் பள்ளங்கி வந்திருந்தது.

வீட்டில் ஓவன் கிடையாது. விறகடுப்பும் ரொட்டிக்கல்லும்தான். சுவாமிநாதன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சீஸ் ஒரு கட்டி கொடுத்தார், ஞாயிறு லீவும் கொடுத்தார். ஒரு வாரத்துக்கு முன்பே அவள் பழக ஆரம்பித்தாள். முதலாவது அடியில் கரிந்து மேலே பச்சையாக இருந்தது. இரண்டாவது வெந்தது, சீஸ் உருகவில்லை. ராஜ்மோகன் அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சரியாக வராத பீட்சாக்களைச் சம்பலோடு தின்றான். கரிந்ததில் வாடை தெரியவில்லை, நல்லா இருக்கு என்றான். நாலாவதில் வழி பிடிபட்டது. மாவை முதலில் ரொட்டி மாதிரி இரண்டு பக்கமும் அரைவேக்காடாக வாட்டி, அப்புறம் தக்காளி, மலைப்பூண்டு, குடமிளகாய், சீஸ் எல்லாம் பரப்பி, விளிம்பு உயர்ந்த ஒரு பழைய இரும்புத் தட்டால் மூடி, அந்தத் தட்டின் மேலே தணலை அள்ளிப் போட வேண்டும். மேலும் கீழும் ஒரே சூடு.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. சத்தியபிரியா சனிக்கிழமை இரவே வந்துவிட்டாள். அவள் பையிலிருந்து இரண்டு பீட்சாப் பெட்டிகள் எட்டிப் பார்த்தன. எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கினேன் என்று முணுமுணுத்தாள். மகாராணி சிரித்துக்கொண்டே அவற்றை அடுப்புக்கு மேலிருந்த பலகையில் தூக்கி வைத்தாள்.

பண்ணைக்காடு வழியாகச் சுற்றிக்கொண்டு ஜீப் வந்து சேர மதியம் பன்னிரண்டாகிவிட்டது. சேனாதிபதி நல்ல உயரம், மடிப்புக் கலையாத வேட்டி. முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரில் ராஜ்மோகன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னான். பெருமாயி குட்டையான, ஒல்லியான பெண். நாற்காலியைப் பார்த்தாள், குளிருது என்று சொன்னாள், நேராக அடுப்படிக்கு வந்து ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மகாராணி அடுப்பை மூட்டினாள். மழையில் விறகு ஈரம். புகை கண்ணைக் கரித்தது. முதல் பீட்சா நன்றாகவே வந்துகொண்டிருந்தது. வெந்துவிட்டதா என்று பார்க்க இடுக்கியால் தட்டைத் தூக்கியபோது தோளில் சுரீரென்று ஒரு வலி. தட்டு சாய்ந்தது. தணல் அடுப்புக்குள் விழுந்தது, சாம்பல் பீட்சாவில் விழுந்தது. நிறைய இல்லை, ஓரமாக இரண்டு சிட்டிகை இருக்கும்.

மகாராணி அதை அப்படியே எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு, கல்லைத் துடைத்து, அடுத்த உருண்டையைத் தட்ட ஆரம்பித்தாள். முன்னறையில் சேனாதிபதி தொண்டையைக் கனைப்பது கேட்டது.

“ஊதிட்டு வச்சிருக்கலாமே,” என்றாள் பெருமாயி. “இந்தப் பொகையில யாருக்குத் தெரியப்போகுது?”

“கடையில ஒருவாட்டி அப்பிடி ஊதிட்டுக் குடுத்தேங்க்கா. சின்னப் புள்ள ஒன்னு கடிச்சிட்டு, அங்கேயே நின்னு துப்புச்சு. அதுலேருந்து ஊதுறதில்ல. கொஞ்சம் பொறுத்துக்கிருங்க, தேத்தண்ணி போடவா?”

பெருமாயி வேண்டாம் என்றாள். யாரும் சொல்லாமலே அரிவாள்மனையை முன்னால் இழுத்து, பூண்டு உரித்து நறுக்கத் தொடங்கினாள். இரண்டு பேரும் வேலை செய்துகொண்டே பேசினார்கள். காப்பிப் பழம் பறிக்கும்போது சரிவில் கால் ஊன்றி ஊன்றித் தன் முழங்கால் போய்விட்டது என்று பெருமாயி சொன்னாள். மாவு பிசைந்தே தன் தோள் போய்விட்டது என்றாள் மகாராணி. அந்தப் பிள்ளைக்கு மதுரையில் என்ன வேலை என்று பெருமாயி விசாரித்தாள். அங்கே மாவு யாரும் பிசைய வேண்டியதில்லை என்று மகாராணி சொன்னதும், அது நல்ல வேலைதான் என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அதை விடுவானேன் என்றும் கேட்டாள். அந்தப் பேச்சு எந்தப் பக்கம் போகிறது என்று மகாராணிக்குப் புரியத்தான் செய்தது. ஆனால் அடுப்பில் தணல் தணிந்திருந்தது, அவள் அதைக் கவனிக்கப் போய்விட்டாள்.

இரண்டாவது பீட்சா சரியாக வந்தது. ஆறாக வெட்டி முன்னறைக்குக் கொண்டுபோனார்கள். யோகேஷ் இரண்டு துண்டு எடுத்தான். பெருமாயி ஒன்றை எடுத்து, ஊதி, மெதுவாக மென்றாள். சேனாதிபதி தட்டைத் தொடவில்லை. சீஸ் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். பிறகு, இவ்வளவு நேரம் மனதில் வைத்திருந்ததைக் கேட்டார்.

“ஒங்களுக்குப் பூர்வீகம் எதும்மா?”

ராஜ்மோகன் மனைவியைப் பார்த்தான். மகாராணி கதவு நிலையில் சாய்ந்து நின்று பதில் சொன்னாள்.

“புதுக்கோட்டைப் பக்கம்னு எங்கப்பா சொல்லுவாங்க. ஊர் பேரு அவங்களுக்கும் தெரியாது. நான் பொறந்தது சிலோன். முப்பத்து நாலு வருசமா இந்த மலைதாங்க. சொல்லிக்கிற மாதிரி வேற ஒன்னும் எங்ககிட்ட இல்ல.”

சேனாதிபதி தலையை ஆட்டினார். அது சரி என்ற ஆட்டலா, அதுதான் பார்த்தேன் என்ற ஆட்டலா என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் காப்பி கொண்டுவந்த சத்தியபிரியாவுக்குப் பின்னால், அடுப்படிப் பலகையில் இருந்த பெட்டிகள் அவர் கண்ணில் பட்டன. அது என்ன என்று கேட்டார். அவள் வேலை செய்கிற மதுரைக் கடையின் பீட்சா என்று யோகேஷ் சொன்னான்.

“கம்பெனி சரக்கா?” என்றார் சேனாதிபதி.

அந்தக் குரலில் இருந்த ஆசை எல்லாருக்கும் கேட்டது. மகாராணி உள்ளே போய், பெட்டியைப் பிரித்து, துண்டுகளைக் கல்லில் போட்டு, மூடி வைத்துச் சூடாக்கிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். சீஸ் ஒத்துக்கொள்ளாத மனிதர் நாலு துண்டு சாப்பிட்டார். யாரும் சிரிக்கவில்லை. யோகேஷ் மட்டும் ஜீப்பின் டயரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே போய், வெகுநேரம் கழித்து வந்தான். மகாராணிக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. தன் கையால் ஆனதை ஒருவர் சாப்பிட்டார், மகள் கடையினுடையதை இன்னொருவர் சாப்பிட்டார். வந்தவர்கள் யாரும் வெறும் வயிற்றோடு போகவில்லை.

கிளம்பும்போது சேனாதிபதி வழக்கப்படி, யோசித்துச் சொல்லி அனுப்புகிறோம் என்றார். செருப்பை மாட்டிக்கொண்டிருந்த பெருமாயி நிமிர்ந்தாள்.

“யோசிக்க என்ன கெடக்கு அண்ணே? பொண்ண நான் போன வருசமே போட்டோவுல பாத்துட்டேன். இவுகளைப் பாக்கத்தான் வந்தேன், பாத்தாச்சு. தை மாசம் வச்சுக்கிருவோம்.”

சேனாதிபதி தங்கையைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். சரி, வெரசா ஏறுங்க, இருட்டிரும் என்றார். அதுதான் அவருடைய சம்மதம். அதற்குமேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து கிடைக்கவில்லை, யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

ஜீப் போன பிறகு மகாராணி அடுப்படியில் உட்கார்ந்து, மிச்சமிருந்த மூன்று துண்டுகளையும் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டாள். தான் சுட்ட பீட்சாவை அவள் உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. பூண்டு கொஞ்சம் கூடிப்போயிருந்தது. பெருமாயி நறுக்கியது.

கல்யாணம் தையில் பழனியில் நடந்தது. சுவாமிநாதன் தன் அண்ணன் மூலமாக மண்டபம் பிடித்துக் கொடுத்தார். சத்தியபிரியா வேலையை விடவில்லை. யோகேஷ்தான் மதுரைக்குப் போய்க் கார் ஓட்டினான். அவனுடைய ஜீப்பைச் சேனாதிபதி எடுத்துக்கொண்டார். மதுரைக்குப் போகும்போதெல்லாம் அவர் அவள் வேலை செய்யும் கடைக்குப் போய் உட்கார்ந்துவிடுவதாகவும், பில் கொடுக்கும்போது இது எங்கள் வீட்டுப் பிள்ளை என்று பக்கத்து மேசைக்காரர்களிடம் சொல்வதாகவும் சத்தியபிரியா போனில் சொல்லிச் சிரித்தாள்.

சுவாமிநாதன் ஒருநாள் மகாராணியைக் கேட்டார். மூன்றையும் சாப்பிட்டுவிட்டாயே, எதுதான் நல்ல பீட்சா? மதுரையில் வெயிலில் அலைந்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தால் கம்பெனியினுடையது நல்லா இருக்கும், இங்கே பனியில் நின்று வாங்கினால் நம்முடையது என்றாள் அவள். வீட்டில் சுட்டது? அது ஒரு தடவைக்குப் போதும் அண்ணே, அந்தப் புகையை நினைத்தாலே கண் எரிகிறது என்றாள். சம்பந்தி பெருமாயி பள்ளங்கிக்கு வரும்போது மட்டும் தப்பிக்க முடியாது. அவள் வரும்போதே பூண்டோடு வருவாள்.

கல்யாணத்துக்குப் பிறகு மகாராணி ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள். சுவாமிநாதன் முதலில் முனகினார், பிறகு சனிக்கிழமை மாலையே இரண்டு பேசின் மாவு பிசைந்து வைத்துவிட்டுப் போகும்படி ஏற்பாடு செய்துகொண்டார். ஞாயிறு காலை பனி விலகி வெயில் விழும்போது அவள் வாசலில் ஒரு சாக்கை விரித்து, தோளை வெயிலுக்குக் காட்டிப் படுத்துக்கொள்வாள். உள்ளே ராஜ்மோகன் கஞ்சி வைப்பான். உப்பு எவ்வளவு போடவேண்டும் என்று அங்கிருந்தே கேட்பான். அவள் கண்ணைத் திறக்காமலே சொல்வாள்.